கண்மட்டமும் மெய்மட்டமும்

வாசகர் கேள்விகளுக்கு இம்மாதம் பதில் எழுத அமர்ந்தபோது, மலையகத்திலிருந்து வந்த ஐந்து கடிதங்கள் ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதைக் கண்டோம். வளைந்த பரப்பொன்றின் மேலோ அதற்கு அப்பாலோ இருக்கும் பொருள் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதே அது. ஆகவே அவற்றைச் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீடு அப்புத்தளை நகரின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. முகில் இல்லாத காலைவேளைகளில் தென்கரையும் அதற்கப்பால் கடலும் தெரியும். கடல் எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் கீழே இருக்க வேண்டும். ஆனால் அது தாழ்ந்து கிடப்பதாகத் தோன்றுவதில்லை. நீலச் சுவர் எழுப்பியதுபோல் கண்ணுக்கு நேராக நிற்கிறது. இடையிலுள்ள குன்றுகளோ கடலைவிடத் தாழ்ந்தவைபோல் தெரிகின்றன. பூமி வளைந்திருப்பது உண்மையானால் கடல் அப்பால் சரிந்து மறைய அல்லவா வேண்டும்?
— ஓர் ஆசிரியை, அப்புத்தளை

பதில்: கடல் சரிந்துதான் மறைகிறது. ஆனால் அந்தச் சரிவு நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியது. அப்புத்தளை நகரம் ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர் என்பதால், அந்த ஆரையோடு ஒப்பிடும்போது உங்கள் மலை ஒரு பொருட்டே அல்ல. கணக்குப் போட்டால், உங்கள் முற்றத்திலிருந்து பார்ப்பவருக்குக் கடலின் அடிவானம் மெய்யான கிடைமட்டத்துக்குக் கீழே 1.2 பாகை மட்டுமே தாழ்ந்திருக்கும். கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரலைக் கிடையாகப் பிடித்தால் அதன் தடிப்பு கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தரத்தில் ஒரு கிடைக்கோட்டைக் கற்பனை செய்து, அதிலிருந்து ஒரு விரல் தடிப்புத் தாழ்வை உணரும் திறன் கண்ணுக்கு இல்லை. ஆகையால் அது அடிவானத்தையே தன் மட்டமாக எடுத்துக்கொள்கிறது.

சுவர்போல் நிற்பதற்குக் காரணம் வேறு. உங்களிடமிருந்து கரை ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தூரத்திலும், கடலின் அடிவானம் ஏறக்குறைய 135 கிலோமீற்றர் தூரத்திலும் இருக்கின்றன. ஆகவே நீங்கள் பார்ப்பது 60 கிலோமீற்றர் அகலமுள்ள கடற்பரப்பு. ஆனால் கரையைப் பார்க்கும் கோணத்துக்கும் அடிவானத்தைப் பார்க்கும் கோணத்துக்கும் இடையே கால் பாகைகூட முழுமையாக இல்லை. பூரணச் சந்திரனின் குறுக்களவு அரைப் பாகை என்பதை நினைத்துக்கொண்டால், அத்தனை கடலும் அரைச் சந்திரன் உயரமுள்ள ஒரு பட்டைக்குள் நசுங்கிக் கிடக்கிறது என்று சொல்லலாம். படுத்திருக்கும் பரப்பை இத்தனை சாய்வாகப் பார்க்கும்போது அது படுத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் எதுவும் மிஞ்சுவதில்லை. அலையும் இல்லை, தூரம் செல்லச் செல்லச் சிறுத்துப்போகும் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு நிறப்பட்டையைக் கண் நிமிர்த்தி வைத்துவிடுகிறது.

குன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குன்றின் உச்சி கடல்விளிம்புக்குக் கீழே தெரிந்தால் அது உங்களைவிடத் தாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடலைவிடத் தாழ்ந்தது என்று பொருள்கொள்ளக் கூடாது. உங்கள் பார்வைக்கோடு அந்தக் குன்றின் தலைக்கு மேலாகச் சென்று கடலைத் தொடுகிறது, அவ்வளவே. கடல்விளிம்பை வெட்டிக்கொண்டு வானத்தில் எட்டிப் பார்க்கும் குன்றுகள் விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவை எல்லாம் தம்மைவிட உயர்ந்தவை என்று நினைக்கிறார்கள். பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் சரியாகக் கடல்விளிம்பைத் தொட்டு நிற்கும் உச்சி, பார்ப்பவரின் இடத்தைவிட ஏறக்குறைய 200 மீற்றர் தாழ்ந்தது.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். மேசன்மார் சுவர்மட்டம் பிடிக்கப் பயன்படுத்தும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீற்றர் நீளம் வெட்டி, ப வடிவத்தில் வளைத்து, ஒரு பலகையில் கட்டுங்கள். இரு கைகளுக்கும் இடையே 40 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். பாதிவரை நிறமூட்டிய நீரை விடுங்கள். குமிழி எதுவும் உள்ளே தங்கக் கூடாது. இரண்டு நீர்முகங்களும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை வைத்தால் நீங்கள் மெய்யான கிடைமட்டத்தைப் பார்க்கிறீர்கள். பிறகு கண்ணைச் சிறிதே உயர்த்தி, அருகிலுள்ள நீர்முகத்தினூடாகக் கடல்விளிம்பை நோக்கினால், பார்வைக்கோடு அப்பாலுள்ள குழாயில் நீர்முகத்துக்கு 8 மில்லிமீற்றர் கீழே கடந்து செல்வதைக் காண்பீர்கள். நீர் குழாய்ச் சுவரில் ஏறி நிற்கும் விளிம்பைப் பார்க்காமல் நடுப்பகுதியின் தாழ்ந்த கோட்டைப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓரிரு மில்லிமீற்றர் தவறும்.

இந்தச் சிறு தாழ்வை அளந்தே பூமியின் பருமனைக் கணித்தவர் ஒருவர் உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலைமீது நின்று, கீழேயுள்ள சமவெளியின் அடிவானம் 34 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தாழ்ந்திருப்பதாக அல்-பிரூனி அளந்தார். கணித முறை பழுதற்றது. ஆனால் வளிமண்டலத்தில் ஒளி முறிவடைந்து சற்றுக் கீழ்நோக்கி வளைவதால், அடிவானம் அதன் வடிவகணித இடத்தைவிடச் சிறிது உயர்ந்தே தெரியும். உங்கள் 1.2 பாகையும் நடைமுறையில் 1.1 பாகையை ஒட்டியே இருக்கும். வெப்பநிலை மாற மாற அதுவும் மாறும். ஆகவே அந்த முறையில் கிடைக்கும் ஆரையை அங்குலம் அங்குலமாகப் புகழ்வதில் எமக்கு உடன்பாடில்லை.

கேள்வி: சென்ற பருவத்தில் சிவனொளிபாதமலை ஏறி விடியலுக்குக் காத்திருந்தோம். கிழக்கே தெரிந்த மலைத்தொடர் முழுவதும் நாங்கள் நின்ற உச்சிக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோதான் இருந்தது. பீதுருதாலகால 281 மீற்றர் கூடுதல் உயரம் என்று படித்திருக்கிறோம். அத்தனை வித்தியாசம் ஏன் கண்ணில் படவில்லை? சூரியன் எழுந்ததும் மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. அது தரையில் கிடந்ததா, காற்றில் நின்றதா என்று எங்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது.
— மஸ்கெலியாவிலிருந்து யாத்திரை சென்ற ஒரு குழுவினர்

பதில்: சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர், பீதுருதாலகால 2,524 மீற்றர். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 37 கிலோமீற்றர் தூரம். அந்தத் தூரத்தில் பூமியின் வளைவு மட்டும் 100 மீற்றருக்குச் சற்று அதிகமாக விழுங்கிவிடுகிறது. அதாவது, உங்கள் உச்சியிலிருந்து வரையும் கிடைக்கோடு அங்கே போய்ச் சேரும்போது 2,243 மீற்றர் உயரத்தில் இருப்பதில்லை, 2,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மிஞ்சும் 174 மீற்றரை 37 கிலோமீற்றர் தூரத்திலிருந்து பார்த்தால் அது கால் பாகையளவே. அரைச் சந்திரன் உயரம் என்று முன்னர் சொன்ன அதே அளவு.

மற்ற மலைகளின் கதை இதைவிடச் சுவையானது. நேர் கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் இருக்கும் கிரிகல்பொத்த உங்களைவிட 145 மீற்றர் உயர்ந்தது. வளைவு அதில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிடுகிறது. அதற்கும் அப்பால், 35 கிலோமீற்றர் தூரத்திலுள்ள தொட்டுபொல 114 மீற்றர் உயர்ந்தது. வளைவு அதில் 96 மீற்றரைக் கழித்துவிடுவதால் உங்கள் கண்ணுக்கு அது ஏறத்தாழச் சமமட்டம். நீங்கள் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிவதும் கடல்மட்டத்திலிருந்து சமமாக இருப்பதும் 30 கிலோமீற்றருக்கு அப்பால் இரண்டு வெவ்வேறு செய்திகளாகிவிடுகின்றன.

இதோடு மலையின் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. பீதுருதாலகால நுவரெலியாவின் உயர்ந்த மேட்டுநிலத்திலிருந்து எழுகிறது. நகரமே ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நிற்பவருக்கு அது 650 மீற்றர் மலையாகத்தான் தெரியும். சிவனொளிபாதமலையோ தென்மேற்கே இரத்தினபுரிச் சமநிலத்தை நோக்கி ஒரே பாய்ச்சலாக இறங்குகிறது. கடலில் வருகிறவர்களின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுவே. 2,243 மீற்றர் உயரத்திலுள்ள உச்சி, வளிமண்டலம் தெளிவாக இருந்தால், 170 கிலோமீற்றர் தூரத்துக் கடற்பரப்புக்கும் தெரியக்கூடியது. தீவின் மிக உயர்ந்த மலை அதுதான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதில் வியப்பில்லை. உயரத்தை ஒப்பிடக் கண் போதாது, கோணமானியும் தூரக்கணக்கும் வளைவுத் திருத்தமும் வேண்டும். தியத்தலாவையில் நில அளவையாளர் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு இந்தத் திருத்தம் அன்றாடப் பாடம்: ஒரு கிலோமீற்றருக்கு 8 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, தூரம் இரட்டித்தால் நான்கு மடங்கு.

நிழலைப் பற்றிய வாக்குவாதத்தில் இரு தரப்புக்கும் பாதி வெற்றி. நிழல் என்பது தரையில் விழும் கறை மட்டுமல்ல. மலைக்குப் பின்னால் ஒளி சென்று சேராத காற்றின் பெருந்துண்டு முழுவதும் நிழல்தான். காலை மூட்டத்தில் அந்த இருண்ட காற்றும் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் நிழலின் தொடக்கத்திலேயே நின்று அதன் நீளவாக்கில் பார்ப்பதால், தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் அதன் இரு ஓரங்களும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. மலையின் வடிவம் எப்படியிருந்தாலும் நிழல் முக்கோணமாகவே தெரிவது இதனால்தான்.

அந்த முனை எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும். சூரியன் கிழக்கு மலைத்தொடரின் மேல், ஏறக்குறைய உங்கள் கிடைமட்டத்திலேயே தலைகாட்டுவதால், முனையும் மேற்கே கிடைமட்டத்திலேயே தோன்றும். மேற்குக் கடலின் அடிவானமோ அதற்கு ஒன்றரைப் பாகை கீழே இருக்கிறது. நம் நாட்டில் சூரியன் ஏறத்தாழ நேர்மேலாக எழுவதால் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். எனவே முதல் ஐந்தாறு நிமிடங்களுக்கு நிழலின் முனை அடிவானத்துக்கு மேலே, காற்றிலேயே நிற்கிறது. பிறகுதான் தரைக்கு இறங்கி உங்களை நோக்கிச் சுருங்கி வருகிறது. இரு கண்களுக்கும் இடையேயுள்ள ஆறு சென்ரிமீற்றர் இடைவெளியைக் கொண்டு மூளை ஆழத்தை அறியும் முறை சில நூறு மீற்றருக்கு அப்பால் உதவாது என்பதால், எந்த நிமிடத்தில் நிழல் தரையைத் தொட்டது என்பதை உங்களில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ட்ரோன் மூலம் மருந்து தெளிக்கப் பழகி வருகிறோம். கீழே றோட்டில் நின்று, 15 மீற்றர் உயரம் என்று வைத்து, சரிவின் மேல்நோக்கிச் செலுத்தினேன். செடிகளுக்கு மேலே நன்றாக இடைவெளி இருப்பதாகத்தான் தெரிந்தது. மலையின் வயிற்றுப் பகுதியில் போய்ச் செடியில் மோதிவிட்டது. திரையில் அப்போதும் 15 மீற்றர் என்றே காட்டியது.
— ஓர் இளைஞர், தலவாக்கலை

பதில்: திரை பொய் சொல்லவில்லை. பொதுவாக இத்தகைய கருவிகள் காட்டும் உயரம், அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரமே தவிர, அந்தக் கணத்தில் கீழேயுள்ள நிலத்திலிருந்து அல்ல. 30 பாகைச் சரிவில், கிடையாக 26 மீற்றர் முன்னே சென்றால் நிலம் 15 மீற்றர் உயர்ந்துவிடும். நிலத்தைத் தொடர்ந்து உணர்ந்து பறக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் மலையின் மேலேயிருந்து கிளம்புவது நல்லது.

கண் ஏன் எச்சரிக்கவில்லை என்பதுதான் எமது பத்திக்குரிய பகுதி. கவ்வாத்து மட்டத்தில் ஒரே பச்சையாய் விரிந்த தேயிலைச் சரிவைப் பின்னணியாகக் கொண்டு ட்ரோனைப் பார்க்கும்போது, உங்களுக்கு அருகே உயரத்தில் நிற்கும் ட்ரோனும், தூரத்தில் கொழுந்தை உரசும் ட்ரோனும் ஒரே பார்வைக்கோட்டில், ஒரே இடத்தில் தெரியும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது நிழல் ஒன்றே. உளவியலாளர் டானியல் கேர்ஸ்ரனும் அவருடைய சகாக்களும் 1990களில் செய்து காட்டிய சோதனை இதில் பேர்போனது. ஒரு பெட்டிக்குள் பந்து நகரும் அசைபடத்தில், பந்தின் பாதையைக் கொஞ்சமும் மாற்றாமல், நிழலின் பாதையை மட்டும் மாற்றினார்கள். நிழல் பந்தோடு ஒட்டிச் சென்றபோது பந்து தரையில் உருண்டு பின்னோக்கிப் போவதாகவும், நிழல் விலகிச் சென்றபோது பந்து மேலெழும்புவதாகவும் பார்த்தவர்கள் கண்டார்கள்.

ஆகவே ட்ரோனைப் பார்ப்பதோடு அதன் நிழலையும் பாருங்கள். இரண்டும் நெருங்கினால் நிலம் நெருங்குகிறது. ஆனால் சமதரையில் நம்பும் அளவுக்கு வளைந்த சரிவில் நிழலை நம்ப முடியாது. வெயிலை நோக்கிய முகத்தில் நிழல் ட்ரோனுக்குக் கிட்ட விழும். சரிவு மறுபக்கம் திரும்பும் இடத்தில் உயரம் மாறாதபோதே நிழல் சட்டென்று தூரப் பாயும். முகிலோ மூடுபனியோ வந்தால் நிழலே இராது, அது உங்கள் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். மிக எளிய வழி, இன்னொருவரைச் சரிவின் பக்கவாட்டில், ட்ரோன் பறக்கும் அதே மட்டத்தில், கான் ஓரமாக நிறுத்துவது. அவருக்கு மலையின் வளைவு ஒரு கோடாகத் தெரியும். ட்ரோனுக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி நேராகவே தெரியும்.

கேள்வி: கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் ஊர் ஆறு மலைமுகட்டின் மேல் ஓடுவதுபோல் தெரிகிறது. பள்ளத்தாக்குகள் மேடாகவும் முகடுகள் பள்ளமாகவும் இருக்கின்றன. படத்தில் பிழையா?
— ஒரு மாணவி, பொகவந்தலாவை

பதில்: படத்தில் பிழையில்லை. தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஆறு பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

ஒளி மேலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அதன் வாழ்நாள் அனுபவம் அதுதான். மேல்விளிம்பு வெளிச்சமாகவும் கீழ்விளிம்பு இருளாகவும் இருந்தால் மேடு, மாறியிருந்தால் பள்ளம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. செய்மதிகள் பல, நம் நேரப்படி காலை பத்து, பத்தரை மணியளவில் நம்மைக் கடக்கின்றன. வானம் தெளிந்த மார்கழி, தை மாதங்களில் அந்த வேளையில் சூரியன் தென்கிழக்கே இருக்கும். வரைபடத்தில் வடக்கு மேலே என்பதால் ஒளி கீழிருந்து வருவதாக அமைந்துவிடுகிறது. இதே மயக்கத்தை 1786ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் விளக்கினார். தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1980களில், நிழல் தீட்டிய சாதாரண வட்டங்களைக் கொண்டே, அவை முட்டைபோல் புடைப்பதும் குழிபோல் உள்வாங்குவதும் தாளைத் திருப்புவதைப் பொறுத்தது என்று காட்டினார். அவர் கண்டதில் எமக்குப் பிடித்தது இது: தாளை அப்படியே வைத்து உங்கள் தலையைக் கவிழ்த்துக் கால்களுக்கிடையே பார்த்தாலும் மேடு பள்ளமாகிவிடும். அதாவது மூளைக்கு 'மேல்' என்பது வானம் இருக்கும் பக்கமல்ல, உச்சந்தலை இருக்கும் பக்கம்.

கேள்வி: பதுளைப் புகையிரதத்தில் வளைவுகளில் செல்லும்போது வெளியேயுள்ள வீடுகளும் மரங்களும் சாய்ந்து நிற்பதாகத் தெரிவது ஏன்?
— எல்ல

பதில்: சாய்ந்திருப்பது பெட்டி. வளைவில் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்பதால் பெட்டி உட்பக்கம் சாய்கிறது. யன்னல் சட்டத்தையும் இருக்கையையும் நிமிர்ந்தவை என்று கண் எடுத்துக்கொள்வதால், அந்தச் சாய்வை வெளியிலுள்ள வீடுகளின் தலையில் கட்டிவிடுகிறது. ஏர்ன்ஸ்ற் மாக் என்ற பௌதிகவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிரதத்தில் இதைக் கவனித்தே உடல் சமநிலை பற்றிய ஆய்வுகளில் இறங்கினார். மலைநாட்டுப் பாதையில் 44க்கு 1 என்ற ஏற்றமும் உண்டு, அது 1.3 பாகை, அப்புத்தளை ஆசிரியையின் கடல் தாழ்ந்திருக்கும் அளவுக்குச் சற்றே கூடுதல். சாவியொன்றை நூலில் கட்டி யன்னல் சட்டத்தருகே தொங்கவிட்டுப் பாருங்கள். வண்டி நிற்கும்போது பார்க்க வேண்டும். வளைவில் ஓடும்போது நூலும் வெளிப்பக்கம் ஒதுங்கும் என்பதால் அது காட்டுவது மெய்யான நிலைக்குத்தாக இராது.